பட்டதாரிகள் ஏன் என் மேசைக்கு வருகிறார்கள்?

பெறுநர்: மதுரை மாவட்டத்திலும் சுற்றுவட்டாரத்திலும் உள்ள கலை, அறிவியல், பொறியியல் கல்லூரிகளின் முதல்வர்களும் பேராசிரியர்களும்.

பொருள்: மாணவர்களைத் தங்கள் சொந்தக் காரியத்தைத் தாங்களே எழுதப் பழக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் மதுரையில் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே, ஒரு வேப்ப மரத்தடியில் மடக்கு மேசை போட்டு, 31 ஆண்டுகளாக மனு எழுதிக் கொடுத்துப் பிழைத்து வருபவன். முதலில் கையால் எழுதினேன். பிறகு பழைய விலைக்கு வாங்கிய தட்டச்சுப் பொறியில் அடித்தேன். இப்போது மடிக்கணினியும் ஒரு சின்னப் பிரிண்டரும் வைத்திருக்கிறேன். கருவி மாறியதைவிட, என்னிடம் வருகிறவர்கள் மாறியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. தொடங்கிய காலத்தில் என் முன்னால் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் கைநாட்டு வைக்கிறவர்கள். மேலூரிலிருந்தும் பேரையூரிலிருந்தும் விடிகாலைப் பேருந்தில் வந்து, விதவை உதவித்தொகைக்கோ கிணற்றுப் பாத்தியத்துக்கோ மனு எழுதச் சொல்லி, எழுதியதை ஒருமுறை படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, கட்டைவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டுப் போவார்கள். இன்று திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு முன்பாக என் மேசையைச் சுற்றி நிற்பவர்களில் பலர் உங்கள் கல்லூரிகளில் மூன்று நான்கு ஆண்டுகள் படித்துப் பட்டம் வாங்கியவர்கள். அவர்கள் கேட்பதும் அதையேதான்: "நீங்களே எழுதிக் குடுத்துருங்க, எனக்கு எழுத வராது."

இதனால் என் வருமானம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆகவே இந்த மடல் என் பிழைப்புக்கு நானே வைத்துக்கொள்ளும் வேட்டு என்று என் வீட்டில் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 1990களில் அறிவொளி இயக்கத்தின் இரவு வகுப்புகளில் ஐம்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டப் பழகிய பெண்கள், அடுத்த முறை வந்தபோது என் மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டுத் தங்கள் பெயரைத் தாங்களே எழுதியதை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பெயர் எழுதக் கால் மணி நேரம் ஆகும். வரிசையில் நிற்கும் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். அதே மேசையில், அந்தப் பெண்களின் பேரன் வயதில் இருக்கும் ஒருவர், எழுத்து தெரிந்தும் எழுத வராது என்று சொல்லும்போது எனக்குக் காசு வாங்கக் கூசுகிறது.

சென்ற ஆண்டு ஆடி மாதத்தில், பேரையூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து பொறியியல் முடித்த ஒரு பெண் வந்தார். பட்டா தொடர்பான மனு. கைப்பேசியில் இருக்கும் செயற்கை அறிவுச் செயலி ஒன்று எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைக் காட்டி, அச்செடுத்துத் தரச் சொன்னார். படித்துப் பார்த்தேன். "தங்களின் மேலான கவனத்திற்குப் பணிவுடன் கொண்டுவர விழைகிறேன்" என்று தொடங்கி, நீதி, வாழ்வாதாரம், மன உளைச்சல் என்று எல்லாச் சொற்களும் ஒற்றுப் பிழையில்லாமல் வரிசையாக இருந்தன. புல எண் இல்லை. கிராமத்தின் பெயர் இல்லை. அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்பதும் இல்லை. கேட்டதற்கு, "பெரியப்பா எங்க நிலத்தை ஏமாத்தி எழுதி வாங்கிட்டாருங்கய்யா, அதைத்தான் அதுல போடச் சொன்னேன்" என்றார்.

அன்று செவ்வாய்க்கிழமை, கூட்டம் இல்லை. ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் அவரிடமே கொடுத்து, "யாரையும் திட்ட வேணாம்மா. உங்க தாத்தா காலத்துலேருந்து என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதுங்க. தேதி தெரிஞ்சா போடுங்க, தெரியாட்டி அந்த இடத்தைக் காலியா விடுங்க" என்றேன். முக்கால் மணி நேரம் எழுதினார். எழுதி முடித்த தாளில் எழுத்தைவிடக் காலியிடம்தான் கண்ணில் பட்டது. தாத்தா இறந்த ஆண்டு இல்லை. பாகம் பிரித்தது வாய்மொழியாகவா, பத்திரமாகவா என்பது இல்லை. பெரியப்பா "எழுதி வாங்கினார்" என்றால் எந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில், எந்த ஆண்டில் என்பது இல்லை. அவர் அங்கிருந்தே தன் அம்மாவுக்குப் போன் போட்டார், அம்மாவுக்கும் தெரியவில்லை. என் மடிக்கணினியிலேயே வில்லங்கம் போட்டுப் பார்த்தோம். அந்தப் புல எண்ணில் எந்தக் கிரயமும் பதிவாகவில்லை. அந்தப் பெண் அந்தத் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஒரு பழைய மஞ்சள் பையோடு திரும்பி வந்தார். உள்ளே தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், பழைய சிட்டா நகல், கந்தாய ரசீதுகள். வாரிசுச் சான்றிதழில் அவருடைய அப்பாவின் பெயர் வீட்டில் கூப்பிடும் பெயராக இருந்தது. மற்ற எல்லா ஆவணங்களிலும் பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர். பட்டா மாறியபோது அந்த ஒரு பெயர் மட்டும் விடுபட்டுப் போயிருக்கிறது. பெரியப்பா எதையும் எழுதி வாங்கவில்லை. தம்பியின் பெயர் விடுபட்டதைக் கண்டும் காணாமல் இருந்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அதற்காக இரண்டு வீட்டுக்கும் ஒன்பது ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லை. நல்லது கெட்டதுக்குப் போக்குவரத்து இல்லை. அந்தப் பெண் தன் கையால் எழுதிய இறுதி மனு 11 வரி. அதில் பெரியப்பா வரவே இல்லை. இன்ன ஊர், இன்ன புல எண், இன்ன பட்டா எண், இன்ன இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும் என்பதற்கு இன்ன சான்று, ஆகவே கூட்டுப் பட்டாவில் பெயரைச் சேர்த்துத் தருக. நான் செய்ததெல்லாம் அச்செடுத்துக் கொடுத்தது மட்டும்தான். அந்த மனுவின் கதி இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, அது வேறு கதை.

நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒரு செய்திதான். அந்தப் பெண்ணுக்குத் தன் வீட்டு வழக்கு என்னவென்று எழுதுகிற வரைக்கும் தெரியாது. தெரிந்ததை எழுதினார் என்று சொல்வதைவிட, எழுதியதால் தெரிந்துகொண்டார் என்று சொல்வதே சரி. பேசும்போது "அப்புறம்" என்று ஒரு சொல்லைப் போட்டு மூன்று ஆண்டைத் தாண்டிவிடலாம், கேட்பவரும் தலையாட்டுவார். தாளில் அந்த "அப்புறம்" பல்லை இளித்துக்கொண்டு நிற்கும். எப்போது, யார், எதைக் கொண்டு என்று தாள் நம்மைக் கேட்கும். சொந்தக் காரியத்தை இப்படி ஒருமுறையாவது தாளில் இறக்கி வைத்துப் பார்க்காதவர், அந்தக் காரியத்தை வேறொருவர் வாயில் கொடுத்துவிட்டுப் பின்னால் நிற்க வேண்டியதுதான். 31 ஆண்டுகளாக அந்த வேறொருவனாக இருந்தவன் சொல்கிறேன்: என்னிடம் கொடுத்த காரியம் என் அச்சில்தான் வார்க்கப்படும். காலையில் முப்பது மனு எழுதுகிறவன் முப்பது குடும்பத்தின் துயரத்தையும் ஒரே துயரமாக எழுதிவிடுவான், வேறு வழியில்லை.

எனக்கு எழுதக் கற்றுக் கொடுத்தவர் படிக்காதவர். உசிலம்பட்டிக்கு அருகில் உள்ள எங்கள் ஊரில், நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று ஒரு காதுகுத்து விசேஷத்தில் மொய் எழுத உட்கார வைத்தார்கள். பந்தலின் வாசலில் ஒரு மேசை, சந்தனக் கிண்ணம், பணம் வாங்கி எண்ணிப் போட ஒரு தாம்பாளம், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய புது நோட்டு. முதலில் வந்தவர் பெயரைக் கேட்டு, "கருப்பையா, ரூ. 51" என்று அழகாக எழுதினேன். பக்கத்தில் பணம் எண்ணிக்கொண்டிருந்த பெரியவர், "என்னப்பா போட்ட?" என்று கேட்டார். சொன்னேன். "நம்ம ஊர்லயே நாலு கருப்பையா இருக்கான். பத்து வருசம் கழிச்சு இவன் வீட்டுல விசேஷம் வைக்கும்போது, உன் மாமன் இந்த நோட்டைப் பார்த்துத்தான் திருப்பிச் செய்யணும். அன்னைக்கு நீ பக்கத்துல இருந்து எந்தக் கருப்பையான்னு சொல்லுவியா?" என்றார். அதை அடித்துவிட்டு, "மேலத்தெரு, கிணத்தடி வீட்டுப் பெரியகருப்பன் மகன், கொத்தனார் கருப்பையா, ரூ. 51" என்று எழுதினேன். அந்த நோட்டு இன்றும் என் மாமன் வீட்டு டிரங்குப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, வீட்டுப் பத்திரத்தோடு இருக்கிறது. இப்போது எங்கள் பக்கத்து விசேஷங்களில் கணினியில் மொய் எழுதி, அங்கேயே ரசீது அடித்துக் கொடுக்கிறார்கள். அதிலும் ஊர், தெரு, தகப்பனார் பெயர், தொழில் என்று அந்தப் பெரியவர் சொன்னது அப்படியே இருக்கிறது.

படிக்கிறவர் பக்கத்தில் நாம் இருக்க மாட்டோம் என்ற அந்த ஒரு பாடத்துக்கு மேல் நான் எதையும் புதிதாகக் கற்றுக்கொண்டதாகத் தோன்றவில்லை. உங்கள் மாணவர்களின் விண்ணப்பங்களில் நான் காணும் குறைகளில் பெரும்பகுதி இந்த ஒன்றில் அடங்கிவிடும். "மேற்படி விஷயமாக ஏற்கெனவே தெரிவித்திருந்தேன்" என்று எழுதுகிறார்கள். எந்த விஷயம், யாரிடம், எந்தத் தேதியில் என்பது அவர்கள் மனத்துக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

இந்த மண்ணில் எழுத்து புலவர்களுக்கும் அரசர்களுக்கும் மட்டும் உரியதாக இருந்ததில்லை என்பதற்கு நீங்கள் தொலைவில் போக வேண்டியதில்லை. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்ற பெயர்கள் தமிழின் பழைய வரிவடிவமான தமிழி எழுத்தில் கீறப்பட்டிருக்கின்றன. எழுத்தின் பாங்கு ஓட்டுக்கு ஓடு வேறுபடுவதால், பானைக்கு உரியவர்களே தங்கள் பெயரைக் கீறியிருக்க வேண்டும் என்று தொல்லியல் துறையினர் கருதுகிறார்கள். கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைப் பார்க்க மாங்குளம் மலையேற வேண்டும். சாதாரண மனிதன் தன் பானையில் எழுதிய பெயரைப் பார்க்கக் கீழடி அருங்காட்சியகம் வரை ஒரு டவுன் பஸ் போதும்.

எங்கள் தொழிலுக்கு மூல ஆசிரியர் சொக்கநாதர் என்று நான் விளையாட்டாகச் சொல்வதுண்டு. பாணபத்திரரின் வறுமையைத் தீர்க்க, சேரமான் பெருமாளுக்கு ஆலவாய் இறைவனே எழுதிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் திருமுகப் பாசுரம் பதினோராம் திருமுறையின் முதலில் இருக்கிறது. பக்தியை ஒரு புறம் வைத்துவிட்டு, அதை ஒரு பரிந்துரைக் கடிதமாக மட்டும் படித்துப் பாருங்கள். மாடக்கூடலில், அன்னம் பயிலும் பொழில்களை உடைய ஆலவாயில் இருக்கும் சிவன் யான் என்று அனுப்புநரின் ஊரும் பெயரும் முதலில் வருகின்றன. அடுத்து, பாவலர்க்கு மழைபோல் உதவும் சேரன் காண்க என்று பெறுநர். பெறுநரை ஏன் நாடுகிறோம் என்ற காரணமும் அந்தப் புகழ்ச்சிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பிறகு, வந்து நிற்பவர் யாழ் வாசிக்கும் பாணபத்திரன், என்னிடம் அன்பு உடையவன், உன்னைக் காண வந்திருக்கிறான். கடைசி வரியில் கோரிக்கை: பொருள் கொடுத்துத் திருப்பி அனுப்புக. ஒரு சொல் மிகையில்லை. கொடுத்தால் போதாது, திருப்பியும் அனுப்ப வேண்டும் என்பதைக்கூட மறக்காமல் எழுதியிருக்கிறது. இன்று என்னிடம் வரும் பட்டதாரியின் மனுவில் கோரிக்கை என்ற ஒன்றைத் தேடிக் கண்டுபிடிப்பதற்கே எனக்கு ஒரு டீ குடிக்கும் நேரம் ஆகிறது.

எழுதாமல் விட்டதன் பலனை எங்கள் வீடும் அனுபவித்திருக்கிறது. என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதியவர். பேரேடு, நாளேடு, பற்று, வரவு என்று ஊரார் கணக்கை எல்லாம் காலணா பிசகாமல் எழுதியவர், 1988இல் தெற்குவாசல் பக்கத்துச் சந்து ஒன்றில் ஒத்திக்கு வீடு பிடித்தபோது தன் கணக்கை எழுதவில்லை. வீட்டுக்காரர் சிறு வயதுக் கூட்டாளி. "நமக்குள்ள என்னய்யா எழுத்து?" என்று இரண்டு பேரும் சொல்லிக்கொண்டார்கள். என் அம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல், ரூ. 25,000 பெற்றுக்கொண்டேன் என்று ஒரு வெள்ளைத்தாளில் ஒற்றை வரி வாங்கி வைத்தார். ஒத்திப் பணம் என்ற சொல்லே அதில் இல்லை; எத்தனை ஆண்டு என்பது இல்லை; சாட்சிக் கையெழுத்து இல்லை. நான்காம் ஆண்டில் வீட்டுக்காரர் மாரடைப்பில் போய்விட்டார். அது கைமாற்றுப் பணம், பாதிக்கு மேல் திரும்பிவிட்டது என்று தங்கள் அப்பா சொல்லியிருக்கிறார் என அவருடைய பிள்ளைகள் சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னார்கள் என்றுகூட நான் நினைக்கவில்லை. அவர்களுக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, பாதிப் பணத்தோடு வீட்டைக் காலி செய்தோம். தட்டுமுட்டுச் சாமான்களைக் கைவண்டியில் ஏற்றியபோது அப்பா கடைக்குப் போயிருந்தார், வேண்டுமென்றேதான் போனார்.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தி, பதிவு செய்த ஆவணத்தாலும் குறைந்தது இரண்டு சாட்சிகளின் சான்றொப்பத்தாலும்தான் செல்லும் என்று 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் சொல்கிறது என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. எழுத்தில் வைத்த ஒப்பந்தத்தை வாய்ச்சாட்சியத்தால் மாற்றிச் சொல்ல முடியாது என்பது 1872ஆம் ஆண்டிலிருந்து இந்த நாட்டின் சாட்சியச் சட்டத்தில் இருக்கும் நெறி. எழுத்துக் கேட்பது நம்பிக்கையின்மை என்று நம் பக்கத்தில் ஒரு கூச்சம் உண்டு. என் அப்பாவின் நண்பர் ஏமாற்றவில்லை. செத்துப் போனார், அவ்வளவுதான். அந்தக் கூச்சத்தை உடைப்பதற்கு வகுப்பறையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

வேலைக்குப் போகிற இடத்தில் எழுத்துக்கு இருக்கும் இடத்தை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். இருந்தாலும் என் மேசையிலிருந்து தெரிவதைச் சொல்கிறேன். என் மைத்துனர் மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கம்பத்தில் ஏறும் முன் எல்.சி. (லைன் கிளியர்) வாங்குவது அவர்களுடைய வழக்கம்: எந்தப் பாதை, எத்தனை மணிக்கு நிறுத்தியது, யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏறி, வேலை முடிந்து எல்லோரும் கீழே இறங்கியதும் எழுதித் திருப்பிக் கொடுப்பார்கள். "வாயால சொன்னதை நம்பிக் கம்பத்துல ஏறக் கூடாது மச்சான்" என்பார். தனியார் மருத்துவமனை ஒன்றில் செவிலியராக இருக்கும் எங்கள் தெருப் பெண், இரவுப் பணி முடித்து ஒப்படைக்கும்போது "நோயாளி நலம்" என்று எழுதினால் தலைமைச் செவிலியர் திருப்பிக் கொடுத்துவிடுவாராம். எத்தனை மணிக்குக் காய்ச்சல் எவ்வளவு, எந்த மருந்து, சிறுநீர் எவ்வளவு பிரிந்தது என்று இருக்க வேண்டும். இலந்தைக்குளம் பக்கத்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுத் தம்பியோ, தன் வேலையில் பாதி நேரம் கடல் கடந்த வாடிக்கையாளருக்கு, நேற்று இரவு எது பழுதானது, எப்படிச் சரிசெய்தோம் என்று எழுதுவதிலேயே போகிறது என்றும், கல்லூரியில் அதை ஒருநாளும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றும் புலம்புகிறார்.

அரசு அலுவலகம் எழுத்தாலேயே நடப்பது. கோப்பில் மேலே இருப்பவர் முடிவெடுக்கிறார் என்றுதான் வெளியே நினைப்பார்கள். இருக்கைக்குரிய உதவியாளர் கோப்பைத் திறந்து எழுதும் முதல் குறிப்பு தெளிவாக இருந்தால், அதற்கு மேலே உள்ளவர்கள் பல நேரங்களில் கையொப்பம் மட்டும் இட்டு அனுப்புவார்கள். அந்த முதல் குறிப்பு குழம்பியிருந்தால் கோப்பு மேலும் கீழுமாக அலைந்துவிட்டுத் தூசி படிந்து கிடக்கும். இன்று போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் மாணவர்கள் நாளைக்கு உட்காரப் போவது அந்த இருக்கையில்தான். சரியான விடையைத் தேர்ந்தெடுக்கப் பழகிய அளவுக்கு, ஒரு பக்கம் தாமே எழுதப் பழகாமல் அங்கே போகிறார்கள்.

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 10 ரூபாய் கட்டணம். 30 நாளுக்குள் பதில். "எங்கள் தெருவுக்கு ஏன் இன்னும் சாலை போடவில்லை?" என்று ஒருவர் எழுதிக் கொண்டுவந்தார். "ஏன்" என்பது கோப்பில் இருக்கும் தகவல் இல்லை. அதற்கு விளக்கம் எழுதும் கடமை தகவல் அலுவலருக்கு இல்லை. அதையே, "இன்ன தெருவின் சாலைப் பணிக்கு எந்தத் தேதியில் மதிப்பீடு தயாரிக்கப்பட்டது, பணியாணை எந்தத் தேதியில் வழங்கப்பட்டது, அவற்றின் நகல்களைத் தருக" என்று மாற்றினோம். கேள்வியைத் திருத்தும்போதே அவருக்குத் தன் கோபத்தின் எந்தப் பகுதியைத் தாளைக் கொண்டு நிரூபிக்க முடியும், எந்தப் பகுதி வெறும் கோபம் என்பது பிரிந்து தெரிந்துவிட்டது. எழுத முடியாதவர் வாயால் சொன்னால் அதை எழுத்தில் வடித்துக்கொள்ள உதவ வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. காவல் நிலையத்திலும் அப்படித்தான்: வாய்மொழிப் புகாரை எழுதி, புகார்தாரருக்குப் படித்துக் காட்டி, கையொப்பம் வாங்கி, முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும். எழுத்தில்லாதவருக்குச் சட்டம் இவ்வளவு பரிவு காட்டியிருக்கிறது. எழுத்திருந்தும் எழுதாதவருக்கு என்ன செய்வது என்று அதற்குத் தெரியாது.

அலுவலகக் காரியத்துக்கு மட்டும்தான் எழுத்து என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அரவிந்த் கண் மருத்துவமனையை 1976இல், அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, 11 படுக்கைகளோடு தொடங்கிய டாக்டர் கோ. வெங்கடசாமி நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். இளமையிலேயே முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்கள் அவருடையவை. அந்த விரல்களால் அறுவைச் சிகிச்சைக் கத்தியைப் பிடிக்கப் பழகிக்கொண்ட கதை மதுரையில் பலருக்கும் தெரியும். அதே விரல்களால், தான் என்ன செய்ய வேண்டும், எங்கே தவறுகிறோம் என்று தனக்குத்தானே கேள்விகளாக எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுக்கும் அமைப்பைக் கட்டியவருக்கே, நினைப்பதைத் தாளில் போட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

மனு எழுதும் இடத்துக்கு மனு அல்லாத காரியமாகவும் ஆட்கள் வருவார்கள். திருமங்கலத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார்; காதல் திருமணம் செய்துகொண்டு திருப்பூரில் இருக்கும் மகளுக்குக் கடிதம் எழுத வேண்டும். போனில் பேசலாமே என்றேன். "போன்ல பேசுனா ரெண்டாவது வார்த்தையிலேயே கத்திருவேன் தம்பி" என்றார். நான் எழுதவில்லை, தாளைக் கொடுத்தேன். எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, மூன்றாவது தாளில் எட்டு வரியோடு நிறுத்தினார். நான் படிக்கவில்லை. கிழித்த இரண்டு தாளையும் மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அந்த இரண்டு தாளில் இருந்தது போனில் பேசியிருந்தால் மகள் காதில் விழுந்திருக்கும்.

இனி என் வேண்டுகோள். கட்டுரைப் போட்டி வையுங்கள், "நூலகத்தின் பயன்கள்" என்று தலைப்புக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தத் தலைப்புகளில் பிள்ளைகள் பொய் சொல்லத்தான் பழகுகிறார்கள். வாரத்துக்கு ஒரு மணி நேரம், தமிழ்த்துறையில் மட்டும் என்றில்லாமல் கணிதத்திலும் இயந்திரவியலிலும் வணிகவியலிலும், ஒவ்வொரு மாணவரும் தனக்கு மட்டும் தெரிந்த ஒரு காரியத்தை ஒரு பக்கம் எழுதட்டும். விடுதியில் தண்ணீர் வராத நாள்கள், அப்பாவின் வயலுக்கு எந்த மடையிலிருந்து தண்ணீர் பாய்கிறது, ஆய்வகத்தில் சோதனை எந்த இடத்தில் பிசகியது, எதுவாகவும் இருக்கட்டும். அந்தக் காரியம் தெரியாத இன்னொரு மாணவர் அதைப் படித்துவிட்டு, புரியாத இடங்களில் கேள்விக்குறி போடட்டும். மறுவாரம் அதையே திருத்தி எழுதட்டும். ஆசிரியர் மதிப்பெண் போடுவதானால், இரண்டாவது தாளுக்குப் போடுங்கள்.

ஒரு வகுப்பில் அறுபது எழுபது பேர், யார் திருத்துவது என்று நீங்கள் கேட்பீர்கள். அது நியாயமான கேள்வி. அதனால்தான் மாணவரே மாணவருக்குப் படிக்கட்டும் என்கிறேன். ஒற்றுப் பிழையும் ல, ள, ழ மயக்கமும் முக்கியமில்லையா என்று தமிழாசிரியர்கள் கேட்டால், முக்கியம்தான், எனக்கும் உறுத்தும். ஆனால் தேதி இல்லாத மனுவை ஒற்றுப் பிழை இல்லாமல் எழுதி என்ன பயன்? கைப்பேசியே எழுதிக் கொடுக்கும்போது பிள்ளைகள் ஏன் மெனக்கெட வேண்டும் என்பது மூன்றாவது கேள்வி. இப்போது இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். அந்தச் செயலியின்மேல் எனக்குப் பகை இல்லை. நானும் ஆங்கிலக் கடிதங்களுக்கு அதைப் பயன்படுத்துகிறேன். பேரையூர்ப் பெண்ணின் வாரிசுச் சான்றிதழ் எந்த மஞ்சள் பையில் இருந்தது என்பது அதற்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று காலியாக விடவும் அதற்கு மனம் வரவில்லை, நிரப்பிக் கொடுத்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு வழி காட்டியது தாளில் இருந்த காலியிடங்கள்தான்.

திங்கள்கிழமையில் எனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. செவ்வாய் முதல் வெள்ளி வரை, மாலை நான்கு மணிக்கு மேல் மேசை சும்மாதான் இருக்கும். மூன்று ஸ்டூல்கள் உண்டு, நிழலும் உண்டு. உங்கள் துறையிலிருந்து இரண்டு மூன்று மாணவர்களை, ஆளுக்கு ஒரு குயர் வெள்ளைத்தாளோடு அனுப்பி வையுங்கள். கட்டணம் இல்லை. வரும்போது தங்கள் வீட்டுப் பட்டா, குடும்ப அட்டை, எதுவாவது ஓர் ஆவணத்தின் நகலைக் கொண்டுவந்தால், அதிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இப்படிக்கு,
மனு எழுதுபவன்,
வேப்ப மரத்தடி, ஆட்சியர் அலுவலகம் அருகில்,
மதுரை.